ஒரே ஒரு துப்பாக்கி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது பழமொழி. கருவிகள் பெருகப் பெருக எதை எடுப்பது என்னும் குழப்பமும் பெருகுகிறது. இதற்கு நேர்மாறான நிலை ஒன்றும் உண்டு. கையில் ஒரே ஒரு கருவிதான் இருக்கலாம். அதைக் கொண்டே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். உயிரைக் காக்கவும், உணவைக் காக்கவும் ஒருவன் ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இக்கேள்வி பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை முதலிய காட்டோரப் பகுதிகளில் வாழும் உழவன் பல தலைமுறைகளாக இக்கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறான். அவ்விடை சரியா, இன்றைக்கும் அது செல்லுமா என்பதை இயற்பியல் துணையோடும் சட்டத்தின் துணையோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழலின் உட்புறம்

துப்பாக்கிகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒன்று, குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பது. மற்றொன்று, உட்புறத்தில் சுருள் சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருப்பது. இரண்டாவதையே நாம் ரைபிள் என்கிறோம்.

சுருள் வரிகளின் பயன் யாது? குண்டு வெளியேறும்போது அது தன் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டும் நிலை தடுமாறாமல் செல்கிறது. ஆகவே ரைபிளின் குண்டு நெடுந்தூரம் குறி தவறாது செல்லும். வழவழப்பான குழலில் இந்தச் சுழற்சி இல்லை. ஆனால் ஒரே தோட்டாவில் பல ரவைகளைப் போட்டுச் சுடலாம். அவை விரிந்து சென்று ஓடுகின்ற, பறக்கின்ற இலக்கையும் தொடும். அவற்றின் பயனுள்ள தூரம் ஏறத்தாழ 35 முதல் 40 மீட்டர் வரைதான்.

‘பன்னிரண்டு போர்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அதுவே பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் எனக் கொண்டு விட்டத்தைக் கணக்கிட்டால் 18.5 மில்லிமீட்டர் வருகிறது. அதுவே அக்குழலின் உள்விட்டம். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கணக்கு சொல்வது

பன்னிரண்டு போர் தோட்டா ஒன்றில் 32 கிராம் ரவை இருந்து, அது வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,190 ஜூல். .22 ரைபிளின் 2.6 கிராம் குண்டு வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் சுமார் 140 ஜூல்தான். வேறுபாடு பதினைந்து மடங்கு!

ஆனால் இந்த எண்ணைக் கண்டு மயங்கலாகாது. அந்த 2,190 ஜூலை 250 சிறு ரவைகள் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 9 ஜூலுக்கும் குறைவே. கௌதாரிக்கு அது போதும். காட்டுப் பன்றிக்கு அது வெறும் காயம். அதே ஆற்றலை எட்டுப் பெரிய ரவைகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 270 ஜூலுக்கு மேல் கிடைக்கும். துப்பாக்கி ஒன்றே, தோட்டாவை மாற்றினால் வேலை மாறுகிறது. வழவழப்பான குழலின் பெருஞ்சிறப்பு இதுதான்.

பின்னுதைப்பையும் பார்க்க வேண்டும். உந்த அழிவின்மை விதிப்படி முன்னே செல்லும் ரவையின் உந்தம் 11.8 அலகு என்றால், பின்னே வரும் துப்பாக்கியின் உந்தமும் அதுவே. துப்பாக்கி 3 கிலோ எடையானால் அது வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கும். துப்பாக்கியின் எடையைக் குறைத்தால் சுமப்பது எளிது, சுடுவது கடினம். எல்லா நன்மையும் ஒரே கருவியில் அமைவதில்லை என்பதற்கு இதுவும் சான்று.

விண்வெளி வீரனும் அதே கேள்வியும்

இந்தக் கேள்வியை வல்லரசுகளும் கேட்டிருக்கின்றன. அமெரிக்க விமானப் படை, விபத்தில் தரையிறங்கும் விமானிகளுக்காக எம்-6 என்னும் மடக்குத் துப்பாக்கியை 1950-களில் வழங்கியது. மேலே .22 ஹார்னெட் ரைபிள் குழல், கீழே.410 வழவழப்புக் குழல்.

1965 மார்ச்சில் ‘வாஸ்கோத்-2’ கலத்தில் சென்ற சோவியத் வீரர்கள் லியோனோவும் பெல்யாயெவும் குறித்த இடத்தில் இறங்க முடியாமல் பனி மூடிய காட்டில் இறங்கினர். ஓநாயும் கரடியும் திரியும் அக்காட்டில் இரு இரவுகளைக் கழித்தனர். அந்த அனுபவத்தின் பயனாகப் பின்னர் டி.பி.-82 என்னும் துப்பாக்கி உருவாயிற்று. 1986 முதல் விண்வெளி வீரர்களின் பெட்டியில் அது இடம்பெற்றது. மேலே 12.5 மில்லிமீட்டர் வழவழப்புக் குழல்கள் இரண்டு, கீழே 5.45 மில்லிமீட்டர் ரைபிள் குழல் ஒன்று. பின்கட்டையைக் கழற்றினால் அது வெட்டரிவாள்!

இரண்டு நாடுகளும் ஒரே முடிவுக்கு வந்திருப்பதைக் காண்க. ஒரு குழலால் எல்லாம் முடியாது என்று கண்டு, இருவகைக் குழலையும் ஒரே கட்டையில் பொருத்தினார்கள். ‘ஒரே துப்பாக்கி’ என்று அவர்கள் சொன்னது உண்மையில் இரண்டு துப்பாக்கிகளே.

நம் காடும் நாட்டுத் துப்பாக்கியும்

நம் மாவட்டத்துக் காடுகளை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் ஒருவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்த அவர், பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டிப் பகுதிகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்ததை நூல்களாக எழுதினார். அவர் பெரிதும் நம்பியது .405 வின்செஸ்டர் ரைபிளை. பெரு விலங்கு ஒன்றையே குறியாகக் கொண்டவருக்கு அது பொருத்தம்.

அதே காட்டில் வாழ்ந்த உழவனுக்கோ வாய்த்தது வேறு: வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. உரிமச் சீட்டில் இதனை ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று குறிப்பார்கள். இதற்குக் கடைத் தோட்டா தேவையில்லை, விலை மலிவு. குறைகளோ பல. ஒரு முறை சுட்டால் மறுமுறை கெட்டிப்பதற்குள் விலங்கு கொல்லையைத் தாண்டியிருக்கும், அல்லது நம்மீது பாய்ந்திருக்கும். மழைக் காலத்தில் மருந்து நமுத்துப் போகும். நம் பக்கத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவது மழையை நம்பித்தானே! எந்தப் பருவத்தில் காவல் மிகுதியாக வேண்டுமோ, அந்தப் பருவத்தில்தான் இத்துப்பாக்கி ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரம் பார்க்காத குழல் வெடித்தால் சுட்டவனின் கையும் கண்ணும் போகும்.

நரிக்குறவர்களும் இவ்வகைத் துப்பாக்கியைக் கொண்டே வாழ்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை அவர்களுடைய தொழிலாக நீடிக்க வழியில்லாமற் போயிற்று. ஊசி மணி பாசி மணி விற்பனையே பிழைப்பாயிற்று. அண்டையிலுள்ள குடகு நாட்டில் நிலை வேறு. ஆங்கிலேயர் காலந்தொட்டுக் குடவர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மைய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது.

சட்டம் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைப் புரட்டினால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு, ஏறக்குறைய நம் கேள்விக்கே விடை கூறுகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத, வழவழப்பான குழல் துப்பாக்கி. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம்.

ரைபிளைவிட வழவழப்புக் குழலுக்கு முதலிடம் தந்ததில் பொருள் இருக்கிறது. .22 ரைபிளின் சிறு குண்டே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்ல வல்லது. நம் ஊர்களில் காட்டுக் கொட்டாய்கள் வயலுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. இருட்டில் குறி தவறிய குண்டு எந்தக் கொட்டாயில் உறங்குபவரைத் தேடிப் போகும் என்று யார் சொல்ல முடியும்? சிறு ரவையோ சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். அத்துடன் 20 அங்குலக் குழலை மடியில் மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது.

ஆகவே, ஏட்டளவில் என் தீர்ப்பு இதுதான்: ஒரே ஒரு துப்பாக்கி என்றால், உரிமம் பெற்ற, தொழிற்சாலையில் செய்து சோதிக்கப்பட்ட, பன்னிரண்டு போர் வழவழப்புக் குழல் துப்பாக்கி. அது எதிலும் முதல்தரமன்று; ஆனால் பலவற்றுக்கும் ஓரளவு பயன்படும்.

தீர்ப்பைச் சோதித்தல்

விஞ்ஞான மாணவர் தீர்ப்போடு நிறுத்தலாகாது. அதனைச் சோதிக்கவும் வேண்டும். நம் உழவனுக்கு உண்மையில் வரும் ஆபத்துகளின் முன் இத்துப்பாக்கியை நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, யானை. ரவை யானையைத் தடுக்காது, காயப்படுத்தும். காயம்பட்ட யானை அடுத்த வாரம் வேறொரு ஊரில் வேறொருவர் மீது பாயும். அது சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்பதால் குற்றமும் பெரிது.

இரண்டாவது, காட்டுப் பன்றி. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் நிலக்கடலையை உழுதுவிட்டுப் போகும். பரணில் விழித்திருந்து தகரம் தட்டியவர்களுக்குத்தான் அந்த விடியற்காலையின் வேதனை தெரியும். ஆயினும் துப்பாக்கி உரிமம் வேறு, சுடும் அனுமதி வேறு. தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வகுத்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். உழவன் சுட அதில் இடமில்லை.

மூன்றாவது, மனிதன். வீட்டில் மாட்டிய துப்பாக்கிக்குக் கோபமும் குடியும் வரப்புத் தகராறும் தெரியாது. எடுப்பவன் கை தீர்மானிப்பதை அது செய்யும். உரிமமின்றி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் கள்ளத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைக்குமாறு அதிகாரிகள் அறிவிப்பதும், மக்கள் ஒப்படைப்பதும் அண்மை ஆண்டுகளில் நடந்தவை.

துப்பாக்கி இல்லையென்றால்?

துப்பாக்கி கைவிட்டுப் போன இடத்தை எது நிரப்பியது என்பதே உண்மையான கவலை. சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை யானைக் கன்றும் கடிக்கிறது, மேயும் மாடும் கடிக்கிறது. சிலர் வேலிக் கம்பியில் நேரடியாக மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச் 7 அன்று, மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மடிந்தன. இரு குட்டிகள் தாயின்றித் தவித்தன. அதே மாதம் நம் காரிமங்கலம் வட்டத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியில் மற்றொரு யானை மின்பாதையில் பட்டு இறந்தது. துப்பாக்கிக்காவது சுடுபவன் வேண்டும். மின்கம்பிக்கு ஆள் வேண்டா. யார் தொட்டாலும், வரப்பில் புல்லறுக்க வந்த அக்காள் தொட்டாலும், அது கொல்லும்.

இங்கேயும் இயற்பியலே வழி காட்டுகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது இடைவிடாமல் பாய்ந்து, தசையை இறுக்கி, பிடித்தவனை விடாது கொல்கிறது. சோலார் வேலியில் வோல்ட் பல ஆயிரம். ஆனால் வினாடிக்கு ஒரு முறை, கண நேரத் துடிப்பாக, மிகக் குறைந்த ஆற்றலே பாய்கிறது. விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. ஆளைக் கொல்வது வோல்ட் எண் மட்டுமன்று. பாயும் மின்னோட்டமும் அது நீடிக்கும் நேரமுமே. இத்தகைய வேலிகளுக்கும் 2023-இல் தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்துப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது.

முடிவுரை

ஒரே ஒரு துப்பாக்கி எது என்று கேட்டுத் தொடங்கினோம். பன்னிரண்டு போர் வழவழப்புக் குழல் என்ற விடையும் கண்டோம். ஆனால் நம் மண்ணின் உண்மையான ஆபத்துகளுக்கு முன் நிறுத்தியபோது, அந்தச் சிறந்த துப்பாக்கியும் பெரும்பாலும் மௌனமாகவே நின்றது. பனிக்காட்டில் தனியே இறங்கிய வீரனுக்குத் துப்பாக்கி துணை. ஊரும் உறவும் சூழ வாழும் உழவனுக்கோ ஒழுங்காக அமைத்த வேலியும், அழைத்தவுடன் வரும் வனக்காவலரும், காலத்தில் கைக்கு எட்டும் இழப்பீடுமே துணை.

அந்த வேலியின் சுற்றை அறிந்தவர்கள், அந்த இழப்பீட்டு மனுவை எழுதத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் இவ்வகுப்பறைகளில் பலர் இருக்கிறோம். மின்னோட்டத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், அடுத்த விடுமுறையில் நம் கொல்லை வேலியில் எது பாய்கிறது என்று ஒரு முறை பார்த்து வருவோம், நண்பர்களே!