தலைகீழாகத் தொங்கும் புழு

காலையில் தோட்டத்துக்குப் போகிறீர்கள். தக்காளிச் செடியின் நுனியில் ஒரு புழு தலைகீழாகத் தொங்குகிறது. தொட்டால் தோல் கிழிந்து கலங்கல் நீர் வடிகிறது. பிடுங்கி எறியத்தான் மனம் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தப் புழுவைக் கொன்றது ஒரு வைரசு. இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போன வைரசு, உடலெங்கும் கோடிக்கணக்கில் பெருகிவிடுகிறது. நோயுற்ற பிராணி பொதுவாக ஒதுங்கிக் கிடக்கும். இந்தப் புழுவோ செடியின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே பின்கால்களால் பற்றியபடி இறக்கிறது. கரைந்த உடல் கீழுள்ள இலைகளிற் சொட்டுகிறது. அவற்றைத் தின்னும் புழுக்களுக்கும் நோய் தொற்றுகிறது. மண்ணில் இறந்திருந்தால் நோய் இவ்வளவுக்குப் பரவாது.

ஜேர்மனியக் காடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு 'மரவுச்சி நோய்' என்றார்கள். காரணத்தை 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒருவகை மயிர்க்கொட்டியில் கண்டறிந்தனர். இந்த மயிர்க்கொட்டி இரவில் மரத்தில் ஏறித் தின்னும். பகலில் பறவைகளுக்குத் தப்ப இறங்கி ஒளியும். நோய் பிடித்தது உச்சியிலேயே நின்றுவிடும். வைரசிலிருந்த ஒரேயொரு பரம்பரை அலகை நீக்கியபோது புழுக்கள் கீழேயே இறந்தன. அதைத் திரும்பச் சேர்த்தபோது மறுபடியும் மேலே ஏறி இறந்தன. புழு தோல் கழற்றுவதற்கான ஓமோனை அந்த அலகு செயலிழக்கச் செய்கிறது.

தமிழ்நாட்டில் காய்ப்புழுவுக்கும் புகையிலைப் புழுவுக்கும் எதிராக இவ்வகை வைரசுகளைத் தெளிக்கிறார்கள். நோயால் இறந்த 250 வளர்ந்த புழுக்களிலிருந்து கிடைக்கும் வைரசு இரண்டரை ஏக்கருக்குப் போதும். வெயில் வைரசை அழித்துவிடும். ஆகவே மாலையிலேயே தெளிப்பார்கள். மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் தேனீக்களுக்கும் இதனால் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு புழுவுக்கும் அதற்குரிய வைரசு வேண்டும். புழு இறக்கச் சில நாட்களும் செல்லும். சிறிய புழுக்களிலேயே நன்றாக வேலை செய்யும்.

புதுக் காணியில் கையில் காசில்லாமல் பயிர் தொடங்குபவருக்கு மருந்துக்கடனே பெரும் சுமை. எனவே மருந்தடிக்கும் முன் செடிகளின் நுனிகளைப் பாருங்கள். பல புழுக்கள் இப்படித் தொங்கினால் நோய் பரவத் தொடங்கிவிட்டது. தொங்கும் புழுக்களை அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று நாட்கள் பொறுத்து, புதிய இலைகளிற் சேதம் குறைகிறதா என்று பார்த்தபின் மருந்தைப் பற்றி முடிவெடுங்கள்.