மான் மந்திர் வானாய்வுக்கூடம், காசி

தசாசுவமேதப் படித்துறையை ஒட்டிய இந்த அரண்மனை ஆம்பேர் அரசர் மான்சிங் கட்டியது. மாடியிலுள்ள கருவிகளை 18ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் அவர் வழிவந்த சவாய் ஜெய்சிங். தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுராவிலும் இத்தகைய கூடங்களை அமைத்தார்; மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது.

எதிரே சாய்ந்து ஏறும் சுவர்தான் சாம்ராட் யந்திரம். சாய்வு சுமார் 25 பாகை, அதாவது காசியின் அட்சரேகை. அதனால் அதன் விளிம்பு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கிறது. விளிம்பின் நிழல் முற்பகலில் மேற்கு வளைவிலும் பிற்பகலில் கிழக்கு வளைவிலும் விழும். அங்கே செதுக்கிய கோடுகளில் நேரம் பார்க்கலாம். உங்கள் கடிகாரத்தோடு சில நிமிடம் வேறுபட்டால் அது பிழையல்ல. இது இந்த ஊரின் சூரிய நேரம். தொலைநோக்கி இல்லாமல், கல்லையும் சுண்ணத்தையும் கொண்டே இவ்வளவு நுட்பம்!

வளைவுகளின்மேல் ஏறாதீர்கள், கோடுகள் தேய்ந்துவிடும்.