அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, மூலையில் கிடக்கும் பழைய கணினியைப் பழைய சாமான் வாங்க வருபவரிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்கு முன் குடும்பப் படங்கள், அடையாள அட்டை நகல், வங்கி விவரங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். ஆனால், அவை பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

கணினியின் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) வட்டத் தகடுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் கோபால்ட் கலந்த மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். அதிலுள்ள துகள்கள் ஏறக்குறைய 10 நானோமீட்டர் அளவுடையவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் ஒரு லட்சம் துகள்களை வரிசையாக அடுக்கலாம்.

ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். அதன் வட முனை மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும். எழுதும் முனை வலுவான காந்தப் புலத்தைச் செலுத்தினால் மட்டுமே திசை புரளும். இல்லாவிட்டால், மின்சாரம் இல்லாமலும் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். இந்தத் திசைகளின் வரிசைதான் உங்கள் படமும் கடிதமும்.

படிக்கும் முனையிலும் அடுக்கடுக்கான காந்தப் படலங்கள் உண்டு. ஓர் அடுக்கின் திசை நிலையானது. மற்றொன்று தகட்டிலுள்ள காந்தத்திற்கேற்பத் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். எதிரெதிராக இருந்தால் தடை கூடும். இத்தகைய அடுக்குகளில் மின்தடை பெரிதாக மாறுவதை 1988இல் பிரான்சின் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியின் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, 'டிலீட்' பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போல, கோப்பு இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. குட்டிக் காந்தங்கள் எதுவும் திரும்புவதில்லை. குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலும், விரைவு 'ஃபார்மட்' செய்தாலும் இதே கதைதான். மீட்பு மென்பொருள் உள்ளவர் அவற்றைத் திரும்ப எடுத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை வைத்துத் தேய்த்தாலும் பலனில்லை. அதன் வலு போதாது.

எனவே, கணினியைக் கொடுக்கும் முன் தேவையானவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு முழு 'ஃபார்மட்' செய்து, தட்டு முழுவதும் புதிதாக எழுதச் செய்யுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். கணினி இயங்கவில்லையென்றால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.

கைப்பேசி, பென்டிரைவ், எஸ்எஸ்டி ஆகியவை காந்தத்தால் இயங்குபவை அல்ல. அவற்றை அழிக்கும் முறை வேறு.