பிஞ்சுக் காலுக்கு மாற்றுத்தோல்!

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது உப்பூர். இந்தப் பக்கம் பைக்கின் பின்னால் குழந்தையை உட்கார வைத்துப் போகாத குடும்பம் உண்டா? அந்தப் பிஞ்சுக் கால் ஒரு நொடி சக்கரக் கம்பிக்குள் போய்விட்டால், குதிகால் தோல் உரிந்து எலும்பும் தசைநாரும் வெளியே தெரியலாம். 'ஐயோ, காலையே எடுத்துடுவாங்களோ?' என்றுதான் பெற்றவளுக்கு முதலில் பயம் வரும்.

கலங்காதீர்கள். ரத்த ஓட்டம் இருக்கிற காலைக் காப்பாற்ற இன்று பல வழிகள் உண்டு. அதில் ஒன்று மாற்றுத்தோல்.

அதென்ன மாற்றுத்தோல்?

வழக்கமாகத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள். வெறும் எலும்பின் மேல் அது பிடிக்காது. மற்ற இடங்களில் பிடித்தாலும், குழந்தை வளர வளரத் தழும்பு இறுகி மூட்டை இழுக்கலாம்.

1981-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஜான் பர்க்கும் விஞ்ஞானி அயோனிஸ் யானாஸும் தீக்காயத்துக்கு ஒரு வழி கண்டார்கள். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன், சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருள், இரண்டும் சேர்ந்த பஞ்சு போன்ற படலம். அதன் மேல் சிலிக்கோன் உறை. 1996-ல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. பிறகு விபத்துக் காயங்களுக்கும் பயன்பட்டது.

கெட்டுப்போன சதையை நீக்கிச் சுத்தம் செய்த பிறகே இதை வைப்பார்கள். மூன்று, நான்கு வாரத்தில் குழந்தையின் சொந்த ரத்தக்குழாய்கள் அதற்குள் படர்ந்துவிடும். அப்புறம் உறையை உரித்து, மிக மெல்லிய சொந்தத் தோலை ஒட்டுவார்கள். ஆக, இது கொடி படரப் போடும் பந்தல் மாதிரிதான்!

எல்லாருக்கும் சரிப்படுமா?

இல்லை. கிருமி புகுந்த புண்ணில் நிற்காது. பெரிய காயத்துக்குச் சதையோடு தோலை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். விலையும் அதிகம். மாட்டுப் பொருள் கூடாது என்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது

* சிக்கிய காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.
* சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், காபித்தூள், கடல்தண்ணீர் எதுவும் வேண்டாம்.
* தொங்கும் தோலை வெட்டாதீர்கள். முழுசாகப் பிய்ந்திருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். தோலில் ஐஸ் நேரே படக்கூடாது.
* 108-க்குப் போன் செய்யுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வழியில் எதுவும் ஊட்டாதீர்கள்.

புண் ஆறியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். சொன்ன பயிற்சியை விடாமல் செய்து, பிள்ளை வளர்ந்து முடிகிறவரை டாக்டரிடம் காட்டி வாருங்கள். இன்றைக்கே உங்கள் வண்டியில் சேலை கார்டு ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள்!