நீர்க்கட்டியைக் கரைக்குமா டப்பா பவுடர்?

மாதவிலக்கு மாதாமாதம் வருவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போகிறது. முகத்தில் பரு. மேலுதட்டில் பூனைமயிர் கறுக்கிறது. உடம்பு பெருக்கிறது. கல்யாணமான பெண் என்றால், "இன்னும் ஒரு புழு பூச்சி இல்லையா?" என்று தெருவே கேட்கிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையில் எந்த வட்டாரத்துக்குப் போனாலும் இந்தக் குறை உள்ள பெண்கள் இருக்கிறார்கள். நீர்க்கட்டி என்பது ஜனங்கள் வைத்த பெயர். டாக்டர்கள் சீட்டில் எழுதுவது பி.சி.ஓ.எஸ். உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்பது 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு.

ஸ்கேன் எடுத்த கொஞ்ச நாளில் வீட்டுக்கு ஒரு டப்பா வந்து சேருகிறது. செல்போன் விளம்பரத்தைப் பார்த்து வாங்கியதாக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வாங்கியதாக இருக்கும். காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி. "கட்டி கரையும், விலக்கு சீராகும், குழந்தை தங்கும்" என்று நம்பிக்கை. ஒரு டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பா. கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது லேசான செலவு அல்ல.

கட்டியே அல்ல!

முதலில் ஒரு விஷயம். அந்தக் கட்டிகள், கட்டிகளே அல்ல!

1935-ம் ஆண்டில் அமெரிக்காவில், சிகாகோ நகரத்து டாக்டர்கள் ஸ்டைன், லெவெந்தால் என்ற இருவர், 7 பெண்களின் கதையை எழுதினார்கள். ஏழு பேருக்கும் சினைப்பை பருத்திருந்தது. விலக்கு ஒழுங்காக இல்லை. டாக்டர்கள் சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் விலக்கு திரும்பி வந்தது. இரண்டு பேர் கர்ப்பமும் ஆனார்கள். அன்று முதல் நோய்க்கு அந்த இருவர் பெயரே வழங்கிற்று.

ஸ்கேனில் முத்து கோத்தாற்போல் தெரிவது, முதிராமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். அவற்றைக் கரைக்க வேண்டியதில்லை. முட்டை ஏன் முதிரவில்லை என்பதுதான் கேள்வி. இந்தப் பெண்களில் பலருக்கு, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. வேலை நடக்காததால் உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது மிகுந்தால் சினைப்பை, ஆண்களுக்குரிய ஹார்மோனை அளவுக்கு மேல் உண்டாக்குகிறது. பருவும் மீசையும் அதனால்தான். முட்டை பாதியில் நிற்பதற்கும் அதுவே காரணம்.

வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு, ஸ்கேன் படத்தைக் கொண்டு இந்த நோயை முடிவு செய்யக்கூடாது என்று 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அந்த வயதில் முட்டைப் பைகள் நிறையத் தெரிவது சகஜம். பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு டப்பா வாங்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

டப்பாவுக்குள் என்ன?

பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது இனோசிட்டால். சர்க்கரை போன்ற வெள்ளைப் பொடி; லேசான இனிப்பு. 1850-ல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஷெரர் இதை மாமிசத்திலிருந்து பிரித்தார். இது புது வஸ்து அல்ல. பயறு, கடலை, ஆரஞ்சு, தவிடு நீக்காத தானியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் சிறுநீரகமே தினம் சில கிராம் தயாரிக்கிறது. இன்சுலின் கொண்டுவரும் செய்தியை உயிரணுவுக்குள் எடுத்துச் செல்லும் ஆள் என்று இதைச் சொல்லலாம்.

1999-ல் அமெரிக்காவில் பருமனான 44 பெண்களுக்கு ஒரு சோதனை நடந்தது. 22 பேருக்கு டி-கைரோ இனோசிட்டால். மற்ற 22 பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு முட்டை வெளிப்பட்டது. மற்றவர்களில் 6 பேருக்குத்தான்! உலகமே திரும்பிப் பார்த்தது. டப்பா வியாபாரத்துக்கு விதை விழுந்தது அங்கேதான்.

ஆனால், இன்று கடையில் அதிகமாக விற்பது மயோ இனோசிட்டால் என்ற வேறு வகை. அதில் 40 பங்கு, மற்றதில் 1 பங்கு என்று கலந்தும் விற்கிறார்கள். 2023-ம் ஆண்டு வழிகாட்டியின் தீர்ப்பு இது: பெரிய கெடுதல் இல்லை, உடம்பின் சர்க்கரைக் கணக்கில் கொஞ்சம் நன்மை இருக்கலாம், முட்டை வெளிப்படுவதற்கும் ரோமம் குறைவதற்கும் எடை இறங்குவதற்கும் பலன் சொற்பம், இந்த வகைதான், இந்த அளவுதான் என்று சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை.

ஆக, விஷமும் அல்ல, அமிர்தமும் அல்ல. கையில் பணம் இருந்து, டாக்டரும் சரி என்றால் சாப்பிடலாம். கடன் வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை.

ஆபத்தான பாக்கெட்

வைட்டமின் டி விஷயம் வேறு. கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கம்பெனிக்குள் பகல் முழுவதும் அடைந்து கிடப்பவருக்கு வெயில் எங்கே கிடைக்கும்? குறைவு இருந்தால் டாக்டர்கள் 60,000 யூனிட் பாக்கெட் எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். சீட்டைப் படிக்கத் தெரியாத வீட்டில் மருந்துக்கடைக்காரர் இதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை.

மீன் எண்ணெய் மாத்திரையும் டப்பாவோடு வருகிறது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குவது வேடிக்கைதான்! மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அந்தச் சத்து இருக்கிறது. வைட்டமின் டி-யும் இருக்கிறது. பொரிப்பதைவிடக் குழம்பு மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாளில் விலை ஏறும். அது வேறு கதை. மீன் சாப்பிட்டால் இரத்தக் கொழுப்புக்கு நல்லது. விலக்கு சீராகும் என்பதற்குத் திடமான அத்தாட்சி இல்லை.

1954-ம் ஆண்டுச் சட்டம்

"விலக்கைச் சரிசெய்யும்" என்று மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தில் இது பளிச்சென்று எழுதியிருக்கிறது. பெண்களின் மலட்டுத்தன்மை, உடல் பருமன் ஆகியவையும் அதன் பட்டியலில் உண்டு. டப்பாக்காரர்கள் இதற்குப் பிடிபடாமல், "இது மருந்து அல்ல, உணவு" என்கிறார்கள். உணவு என்றால் வேறு சட்டம் இருக்கிறது. டப்பாவில் 14 இலக்க லைசென்சு எண் இருக்கவேண்டும். "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல" என்றும் அச்சிட வேண்டும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆசை வார்த்தை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த வாசகம்!

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான்

ராயபுரத்தில் 1880-ல் தோன்றிய ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சர்க்கார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு மட்டும் போகும் இடம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெண்கள் சம்பந்தமான எல்லா வியாதிக்கும் அங்கே போகலாம். கூட்டம் உண்டு; காத்திருக்கத்தான் வேண்டும்.

டப்பாவை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதில்தான் பெரிய நஷ்டம். மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராமல் நின்றால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துப் போகும். வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் வரையில் போகக்கூடும். அதைத் தடுக்கச் சில நாள் மாத்திரை போதும். பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு லெட்ரோசோல் மாத்திரை முட்டையை வெளிக்கொண்டுவர உதவும். சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறதா என்று இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். எடை மிகுந்தவர் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, அதாவது 70 கிலோவில் மூன்றரைக் கிலோ குறைத்தாலே, பலருக்கு விலக்கு திரும்புகிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு. அவர்களைப் பட்டினி போடக்கூடாது.

மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு நாளடைவில் பி-12 வைட்டமின் குறையலாம். கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களுக்குப் போலிக் அமிலம் அவசியம். இது ஆஸ்பத்திரியில் இனாமாகவே கிடைக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் என்ற சத்தைச் சில டப்பாவில் சேர்க்கிறார்கள். அது சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டிவிடும் என்று 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.