நாற்பது வயதில் விமானி: எஞ்சிய ஆண்டுகளின் கணக்கு

வர்த்தக விமானி உரிமம், அதாவது ஊதியம் பெற்றுக்கொண்டு விமானம் ஓட்டுவதற்கான சட்டபூர்வமான அனுமதி, இந்தியாவில் 18 வயது நிரம்பியவர்களுக்கு வழங்கப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் தகுதி. வணிகவியல், கலைப் பிரிவுகளில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக அவ்விரு பாடங்களையும் பின்னர் எழுதித் தேறுவதும் வழக்கம். ஆகவே, நெய்வேலியின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் நம்பி வளர்ந்த வடலூர், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பொறியாளராகவோ ஆசிரியராகவோ நாற்பது வயதை எட்டிவிட்ட ஒருவர் விமானியாக முடியுமா என்ற கேள்விக்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. அவருக்குத் தடையாக அமைவது எஞ்சிய பணிக்காலத்தின் அளவே.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பயணிகள் விமானங்களை ஓட்டுவோரின் உச்ச வயதை 2006-ஆம் ஆண்டில் 60-இலிருந்து 65-ஆக உயர்த்தியது. இந்தியாவிலும் 65 வயதே எல்லை. 42 வயதில் பயிற்சியைத் தொடங்கும் ஒருவர் உரிமம் பெற்று, வேலைக்குக் காத்திருந்து, 45 வயதில் துணை விமானியாகச் சேர்ந்தால் அவருக்கு இருபது ஆண்டுப் பணிக்காலம் கிடைக்கும். ஆனால் விமான நிறுவனங்களில் பதவி உயர்வும் பணிநேர ஒதுக்கீடும் பெரும்பாலும் பணிமூப்பு வரிசையைச் சார்ந்தவை என்பதால், முந்தைய தொழிலில் அவர் எவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்திருந்தாலும், இருபத்திரண்டு வயது இளைஞருடன் அதே கடைசிப் படியில்தான் நிற்க வேண்டும். தலைமை விமானி ஆவதற்குத் தேவையான உயர்நிலை உரிமத்திற்கோ 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும்.

நடுவயதில் இத்தொழிலுக்கு வந்து வென்றவர்கள் இல்லாமலில்லை. 1962-இல் பிறந்தவரும், 2003-04-இல் மத்திய விமானப் போக்குவரத்துத் துறை இணையமைச்சராக இருந்தவருமான ராஜீவ் பிரதாப் ரூடி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே இண்டிகோ நிறுவனத்தின் ஏர்பஸ் விமானங்களை ஓட்டியவர். 2021 ஜூலையில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில் அவர் விமானியாகவும், சற்று முன்னர் அவருடன் நாடாளுமன்றக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்ட தயாநிதி மாறன் பயணியாகவும் இருந்த செய்தி தமிழகத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அப்போது ரூடிக்கு வயது 59. அயர்ன் மெய்டன் இசைக்குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் இங்கிலாந்தின் அஸ்ட்ரேயஸ் நிறுவனத்தில் போயிங் 757 விமானங்களை ஓட்டியவரே. எனினும் இவ்விருவரும் விமானி ஊதியத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய வாழ்க்கை நடுவயதினரின் கற்கும் திறனுக்குச் சான்றாகுமே தவிர, பிழைப்புக்கு வழிகாட்டியாகாது.

கற்கும் திறனைப் பற்றி ஆய்வுச் சான்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 40 முதல் 69 வயது வரையிலான விமானிகளை மூன்றாண்டுகள் செயற்கைப் பறத்தல் கருவியில் சோதித்து, 2007-இல் ‘நியூராலஜி’ இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, மூத்தவர்கள் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினாலும் காலப்போக்கில் அவர்களுடைய திறன் இளையவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. தேர்ச்சி மிக்கவர்களிடம் அச்சரிவு இன்னும் குறைவு. ஆனால் அந்த ஆய்வு ஏற்கெனவே விமானிகளாக இருந்தவர்களைப் பற்றியது என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது அளிக்கும் ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு.

கற்க வேண்டியவையோ மிகுதி. விமான வழிநடத்தல், வானிலையியல், வான்விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளோடு, தரைக் கட்டுப்பாட்டுடன் பேசுவதற்கான வானொலித் தேர்விலும் தேற வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப்பொறுப்பையும் தாமே ஏற்றதாக இருக்க வேண்டும். 300 கடல்மைலுக்குக் குறையாத, ஏறத்தாழ 556 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தனிப்பயணமும் கட்டாயம்.

வானிலையியல் பாடம் கடலூர்க்காரர்களுக்கு அன்னியமானதன்று. 2011 டிசம்பர் 30 அன்று இக்கடற்கரையைத் தாக்கிய தானே புயல் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததை அவர்கள் அறிவார்கள். அதே புயலின் தாழ்வழுத்தம் விமானியை எவ்வாறு ஏமாற்றும் என்பதை இப்பாடம் விளக்குகிறது. விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகக் காட்டும் கருவி என்பதால், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 30 அடி பிழை நேரும். அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் குறைவாக உள்ள பகுதிக்குள் கருவியைத் திருத்தாமல் நுழைபவர், உயரமானி காட்டுவதைவிடச் சுமார் 600 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். அதனால்தான் தரைக் கட்டுப்பாடு சொல்லும் அழுத்த எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகே உயரமானியை அமைக்க வேண்டும் என்பது முதல் வகுப்பிலிருந்தே பழக்கப்படுத்தப்படுகிறது. இத்தகைய ஒழுங்கில், பல ஆண்டுகள் ஆலையில் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தவர், பள்ளியிலிருந்து நேராக வரும் மாணவரைவிட முன்னே நிற்பதுண்டு.

பணக்கணக்கு இதனினும் கடுமையானது. உரிமம் பெறுவதற்கும், அதன்பின் ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தனித்தகுதிப் பயிற்சிக்கும் சேர்த்து அரைக் கோடி ரூபாயைத் தாண்டும் செலவு வழக்கமானது. பறத்தல் பயிற்சிப் பள்ளிகள் உள்ள மைசூரு, பாராமதி, கோண்டியா போன்ற இடங்களில் குடும்பத்தைப் பிரிந்து தங்கவும் நேரும். ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் 2023-இல் ஒப்பந்தம் செய்தது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறத்தலை நிறுத்தியபோது அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி அலைய நேர்ந்தது. உரிமம் பெற்றும் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் பலர். 25 வயதில் மூன்றாண்டு காத்திருப்பு ஒரு பின்னடைவு மட்டுமே. 45 வயதில் அது எஞ்சிய பணிக்காலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

ஆகவே, இம்முயற்சியில் படிகளின் வரிசை முக்கியம். முதலில் உடல்தகுதிச் சோதனை: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்புப் பதிவு, கேட்கும் திறன், நிறப்பார்வை ஆகியவற்றை ஆராயும் இரண்டாம் வகுப்புச் சோதனையையும், அதன்பின் கடுமையான முதல் வகுப்புச் சோதனையையும், வேலையை விடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்; இவற்றில் தேறாதவர் வர்த்தக விமானியாக முடியாது. அடுத்து, பணியில் இருந்தபடியே எழுத்துத் தேர்வுகளை எழுதலாம். அவற்றில் தேறிய பின்னரே பறத்தல் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டும்; அப்பணம் வீட்டை அடமானம் வைத்துத் திரட்டியதாக இருக்கக் கூடாது. வருமானமின்றி ஐந்து ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கக்கூடிய சேமிப்பு உடையவர் நாற்பது வயதிலும் துணிந்து இறங்கலாம். அது இல்லாதவர் வேலையை விடாமல், ஊதியமின்றிப் பறப்பதற்கான தனியார் விமானி உரிமத்தோடு நிறைவடைவதே அறிவுடைமை.