அகலக் கால் வைக்குமுன்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். அவ்வீட்டுத் தாயார் பழைய தகரப் பெட்டியைத் திறந்து, நூலால் கட்டிய தாள்கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். முப்பதாண்டுகளுக்கு முன், அஞ்சல்வழியில் வணிகவியல் பட்டம் பயின்றபோது அவருக்கு வந்து சேர்ந்த பாடங்கள் அவை. அருகில் அவருடைய மகள் கைப்பேசியுடன் அமர்ந்திருந்தாள். பகலில் துணிக்கடையில் கணக்கெழுதுகிறாள். இரவில் இணையவழியே பட்டம் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம்.

“அண்ணா, நான் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தபாலில் படித்த காலத்தில், ஐயம் கேட்க ஆளில்லாமல் கணக்கியலில் இரண்டு முறை தோற்றேன். இவளுக்கு ஐயம் வந்தால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?” என்று அந்தத் தாயார் நம்மிடம் கேட்டார்.

இக்கேள்வியை நாம் எளிதாக ஒதுக்கிவிட இயலவில்லை. இன்று பல பல்கலைக்கழகங்கள் முற்றிலும் இணையவழியே நடக்கும் படிப்புகளை விரிவுபடுத்தத் திட்டமிட்டு வருகின்றன. அத்திட்டங்களின் வெற்றியும் தோல்வியும், உண்மையில், அத்தாயாரின் கேள்விக்கு அவை தரும் விடையையே பொறுத்திருக்கின்றன. எவ்வாறு என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

அஞ்சலிலிருந்து திரைக்கு

தொலைவிலிருந்து கற்பது புதிய முறையன்று. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இவ்வழியில் இறங்கின. 1985-இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பற்ற எத்தனையோ பேருக்கு இவை கல்வியின் கதவைத் திறந்து வைத்தன.

உலகிற்கே இத்துறையில் முன்மாதிரியாக நின்றது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-இல் அரச சாசனம் பெற்ற அது, 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் பாடங்களைத் தொடங்கியது. சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் அதன் பாடங்களைச் சுமந்து சென்றதால், பலரும் அதனை வானலைப் பல்கலைக்கழகம் என்றே எண்ணினர். ஆயினும், அதன் வலிமை வானலையில் மட்டும் இருக்கவில்லை. மாணவரின் கட்டுரையைப் படித்துத் திருத்தி, குறைகளைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் அமர்த்தப்பட்டனர். அறிவியல் மாணவருக்கு ஆய்வுக் கருவிகள் அடங்கிய பெட்டி இல்லத்திற்கே அனுப்பப்பட்டது. கோடையில் மாணவர் ஒன்றுகூடிப் பயிலும் முகாம்களும் நடந்தன. மாணவரைத் தாங்கிப் பிடித்தவை இவையே.

அவசரத்தின் விலை

இனி, அண்மைக் காலத்தின் ஒரு பாடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம், 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடாசிட்டி என்னும் இணையக் கல்வி நிறுவனத்தோடு இணைந்து மூன்று பாடங்களை இணையவழியில் நடத்தியது. அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவை அவை. ஒரு பாடத்திற்குக் கட்டணம் 150 டாலர் மட்டுமே. ஏழை மாணவருக்கு உயர்கல்வி எளிதில் எட்டும் என்று எங்கும் புகழ்ந்து பேசப்பட்டது.

பருவம் முடிந்தபோது, அடிப்படைக் கணிதப் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை. அவ்வாண்டு சூலையிலேயே திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம் என்ன? பாடங்கள் விரைந்து தயாரிக்கப்பட்டன. கணிதத்தில் முன்னரே தோல்வி கண்டவர்களும், வசதி குன்றிய பள்ளி மாணவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுள் சிலருக்குக் கணினியோ இணைய இணைப்போ சரிவரக் கிட்டவில்லை. அடுத்து வந்த கோடைப் பருவத்தில் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது; ஆனால், அப்போது சேர்ந்தவருள் பலர் ஏற்கனவே பட்டம் பெற்றவர்கள்!

இதில் நாம் உணர வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தாமாகவே கற்கும் பழக்கமுடையவர் எம்முறையிலும் கற்றுக்கொள்வர். துணை தேவைப்படுவோரைத் துணையின்றித் திரையின் முன் அமர்த்தினால், முதலில் வீழ்பவர் அவர்களே. எவருக்காகத் திட்டம் தீட்டப்பட்டதோ அவர்களையே அது கைவிட்டது என்பதுதான் இந்நிகழ்ச்சியின் வேதனை.

கட்டணமில்லாத இணையப் பாடங்களின் வரலாறும் இதனையே கூறுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் 2012 முதல் 2018 வரை வழங்கிய பாடங்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, சேர்ந்தவருள் பெரும்பாலோர் முதலாண்டிற்குப் பின் திரும்பி வரவேயில்லை என்பது தெரிந்தது.

நிதானத்தின் பலன்

வெற்றி கண்டோரும் உளர். சியார்சியா தொழில்நுட்பக் கழகம் கணினி அறிவியலில் முதுகலைப் பட்டத்தை முற்றிலும் இணையவழியே தர முன்வந்தது. 2014 சனவரியில் முதல் தொகுதியாக அது சேர்த்துக்கொண்டவர் ஏறத்தாழ 380 பேர் மட்டுமே. விண்ணப்பங்கள் குவிந்தபோதும் வாயிலை ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. முதலில் சில பாடங்கள். அவற்றில் கண்ட பிழைகளைத் திருத்திய பின் மேலும் சில பாடங்கள். மாணவர் பெருகப் பெருகத் துணை ஆசிரியரையும் பெருக்குதல் என்று படிப்படியாக முன்னேறியது. பட்டத்திற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 7,000 டாலர். இன்றுவரை 10,000-க்கும் மேற்பட்டோர் பட்டம் பெற்றுள்ளனர். அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் வேலையிலிருந்தவர்கள். இவ்வழி இல்லாதிருந்தால் அவர்களுள் பலர் மேற்படிப்பை நாடியே இருக்கமாட்டார்கள் என்று ஆய்வாளர் கண்டனர். ஆக, வளாக வகுப்பின் மாணவரை அது பறிக்கவில்லை. புதியோருக்கு வழி திறந்தது.

நம் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் 2020-இல் நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இதில் சேரக் கூட்டு நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. விண்ணப்பித்தவர் நான்கு வாரம் பாடங்களைக் கற்று, வாரந்தோறும் பயிற்சிகளை எழுதி, பின்னர் தகுதித் தேர்வு எழுதுகின்றனர். தேறியவரே மேலே செல்கின்றனர். ஒருவரை வெளியிலிருந்து எடைபோட்டுத் தள்ளாமல், ‘முதலில் கற்றுப் பார், பிறகு முடிவு செய்வோம்’ என்னும் முறை இது. பாடம் திரையில் நடப்பினும், முக்கியத் தேர்வுகளை மையங்களுக்கு நேரில் சென்றே எழுத வேண்டும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும், உழைப்பு வீணாவதில்லை. வருவாய் குறைந்த குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விரிவாக்கத் திட்டம் தீட்டுவோரின் முன் பெரியதொரு சோதனை நிற்கிறது. ஒருமுறை பதிவு செய்த பாடத்தை 300 பேர் பார்த்தாலும், 3,000 பேர் பார்த்தாலும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, மாணவர் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினால் வருவாயும் பத்து மடங்காகுமே என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், கல்வி என்பது பாடத்தைக் காட்டுவது மட்டுமன்று. ஒரு பாடத்தில் 300 மாணவர் வாரம் ஒரு விடைத்தாள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தப் பத்து நிமிடம் ஆகுமாயின், வாரத்திற்கு 50 மணி நேரம் வேண்டும். ஓர் ஆசிரியரின் வாரம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். மாணவர் 3,000 பேரானால் 500 மணி நேரம்! சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைக் கணினி திருத்திவிடும். மாணவர் எந்த இடத்தில், ஏன் இடறினார் என்பதைப் பரிவோடு எடுத்துச் சொல்ல மனிதர் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் இடங்களை மட்டும் பெருக்குவது, விருந்தினரை அழைத்துவிட்டு உலை வைக்க மறப்பது போன்றதே.

ஆதலின், எத்தனை மாணவரைச் சேர்க்கலாம் என்று கேட்குமுன், எத்தனை பேருக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஆசிரியர் உளர் என்று கேட்பதே நேரிய திட்டம். எல்லாப் படிப்புகளையும் ஒருங்கே திறக்காமல், இரண்டு மூன்றை முழுமையாக நடத்திப் பார்த்தல் நன்று. முதல் சில வாரங்களில் பாடத்தைத் திறவாத மாணவர் எவரெனக் கண்டு, அவரை அழைத்துப் பேசுதல் இன்றியமையாதது. பிரிவோர் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு பிரிவதில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்புகள் அனைத்தும் திரைக்கு மாறின. அது வெள்ளத்தில் கட்டிய தெப்பம். ஆற்றைக் கடக்க உதவிற்று. அதனையே பாலமென எண்ணி ஒரு பல்கலைக்கழகம் திட்டமிடலாகாது. நல்ல இணையப் பாடம் ஒன்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பயிற்சிகளோடு கோத்து, தயாரித்து முடிக்கப் பல மாதம் பிடிக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

நம் இல்லங்களில் பிள்ளைகள் இப்படிப்பை நாடும்போது, மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். சிலவற்றை உறுதி செய்துகொள்வோம்.

முதலாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் இசைவு அந்நிறுவனத்திற்கும், அக்குறிப்பிட்ட படிப்பிற்கும், சேரும் ஆண்டிற்கும் உள்ளதா? இசைவு பெற்ற இணையவழிப் பட்டம் நேர்முக வகுப்பில் பெறும் பட்டத்திற்கு ஈடானது என்று அக்குழு 2022 செப்டம்பரில் அறிவித்துள்ளது. இசைவற்ற பட்டமோ வெறுந்தாளே.

இரண்டாவது, மருத்துவம், செவிலியர் பயிற்சி, மருந்தியல், பொறியியல், சட்டம் முதலிய படிப்புகளை இணையவழியில் நடத்த விதிகள் இடம் தருவதில்லை. செவிலியர் பட்டத்தை வீட்டிலிருந்தே பெறலாம் என எவரேனும் விளம்பரம் செய்தால், நம் பெண்மக்களைக் காத்துக்கொள்வோம். நோயாளியின் அருகில் நின்று கற்க வேண்டியதைத் திரையில் கற்க இயலுமோ?

மூன்றாவது, அந்தத் தாயாரின் கேள்வி. ஐயம் எழுந்தால் விடை தருபவர் யார்? எத்தனை நாளில்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? இதற்குத் தெளிவான விடை தராத நிறுவனத்தை விட்டு விலகுவதே மேல்.

நமது கடமையும் ஒன்றுண்டு. பகலெல்லாம் உழைத்து இரவில் படிப்பவருக்கு வீட்டில் ஒரு மூலையும், இரண்டு மணி நேர அமைதியும் வேண்டும். அவர் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி, அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பமே அவருடைய கல்லூரி வளாகம். வீட்டில் இடமில்லாதவர்க்குப் பங்கு மன்றத்தின் ஓர் அறையை மாலையில் திறந்துவைத்து, இணைய இணைப்பும் விளக்கும் தந்தால், அதுவும் அரியதோர் உதவியாகும். தனியே படிப்பவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், ஒருவரை ஒருவர் தாங்குவர்.

அன்று விடைபெறும் வேளையில், அம்மகள் தான் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பவிருந்த கடிதத்தை நம்மிடம் காட்டினாள். கட்டணம், தேர்வு மையம் பற்றிய வினாக்களுக்கெல்லாம் மேலாக, முதல் வரியில் தன் தாயின் கேள்வியை எழுதியிருந்தாள். விடை வந்த பின்பே பணம் கட்டுவதாக அவள் கூறினாள். தாயார் அத்தாள்கட்டை மீண்டும் நூலால் கட்டி, பெட்டியில் வைக்காமல் மகளின் மேசைமீது வைத்தார். கணக்கியல் இன்றும் அதே கணக்கியல்தானே!